ஸ்மோக்ட் மீட் சாண்ட்விச்: முதன்முறை சாப்பிடப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மொன்றியலில் கோட்-டே-நேஜ் பகுதியில் பல வருடங்களாக இருக்கிறேன். ரொறொன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊரிலிருந்தோ யார் வந்தாலும், வந்த மறுநாள் மத்தியானம் ஸ்மோக்ட் மீட் சாண்ட்விச் சாப்பிட அவர்களை எங்கள் பகுதி டெலிக்கு, அதாவது இந்த மாதிரி இறைச்சி சாண்ட்விச் விற்கும் சாப்பாட்டுக் கடைக்கு, கூட்டிப்போவது வழக்கம். போகும் வழியில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். இனி வருகிறவர்களுக்கும் உதவட்டும் என்று அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்மோக்ட் மீட் என்றால் புகைபோட்ட இறைச்சிதானே? அதில் என்ன விசேஷம்?

புகை அதில் ஒரு பங்குதான். உப்பும் நாட்களும் நீராவியும் மற்றப் பங்குகள்.

எடுப்பது மாட்டின் நெஞ்சுப் பகுதி. பிரிஸ்கெட் என்பார்கள். மாடு நிற்கும்போதும் நடக்கும்போதும் உடம்பின் பாரத்தைத் தாங்கும் தசை அது. அதனால் நார் கூடுதல், சும்மா பொரித்தால் பல்லுக்குச் சவால். விலை குறைந்த துண்டாக இருந்த காரணமும் அதுவே. அந்த முழுத் துண்டின்மேல் உப்பு, இடித்த மிளகு, கொத்தமல்லி விதை, உள்ளி, கடுகு எல்லாம் சேர்த்துத் தேய்த்து ஊற வைப்பார்கள். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, பழைய கடைகளில் பத்து நாள் வரைகூட ஊறும். உப்போடு கொஞ்சம் நைட்ரைட்டும் சேரும். இறைச்சி வெந்த பிறகும் சிவந்த நிறமாகவே இருப்பதற்கு அதுதான் காரணம். முதன்முறை பார்க்கிறவர்கள் “இது வேகவில்லையே” என்று தட்டைத் தள்ளி வைப்பதுண்டு. பயப்பட வேண்டாம், நன்றாக வெந்ததுதான்.

ஊறியதைப் புகையில் வைத்து எடுப்பார்கள். வெளிப்பக்கம் மிளகும் மல்லியும் கருகி ஒட்டி, கறுப்புப் பொருக்காக மாறும். அதன் பிறகு நீராவியில் சில மணி நேரம் அவிப்பார்கள். என்னைக் கேட்டால் உண்மையான வேலை இங்கேதான் நடக்கிறது. பல்லுக்குள் சிக்கும் அந்த நாரெல்லாம் மெதுவான சூட்டில் கரைந்து பசைபோல இளகிவிடும். வெளியே எடுத்ததும் கத்தி வைத்தால் தானாக விழும் பதம் வரும்.

மிளகும் மல்லியும் உள்ளியும் நம் சமையலறைச் சாமான்கள்தாம். நெஞ்சிறைச்சியை உப்புக்கண்டம் போட்டுப் பழகிய ஊர்க்காரர்களுக்கு, உப்பில் நாள்கணக்கில் கிடக்கும் இறைச்சி எப்படித் தன் குணம் மாறும் என்று விளக்கவே தேவையில்லை.

நியூயோர்க் பஸ்ட்ராமியும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம், வேறு வேறு வீடு. பஸ்ட்ராமிக்கு வழமையாக வயிற்றுப் பக்கத்துக் கொழுப்பிறைச்சியை எடுப்பார்கள். அதை உப்புத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள், இனிப்பும் கொஞ்சம் கூட. மொன்றியலில் நெஞ்சிறைச்சி, உலர் மசாலா, இனிப்பு மிகக் குறைவு, மிளகு தூக்கல். இன்று நியூயோர்க்கிலும் பல கடைகள் நெஞ்சிறைச்சிக்கு மாறிவிட்டதால் வித்தியாசம் முன்போல் கறாராக இல்லை. ஆனால் இரண்டையும் சாப்பிட்டவர்களுக்கு நாக்கு சொல்லிவிடும்.

இது யாருடைய சாப்பாடு? பிரெஞ்சுக்காரருடையதா?

இல்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து, குறிப்பாக ருமேனியாவிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த யூதக் குடும்பங்கள் கொண்டுவந்த சாப்பாடு. ருமேனியாவில் “பஸ்த்ராமா” என்ற உப்பிட்ட இறைச்சி உண்டு. அந்தப் பெயரே துருக்கியிலிருந்து வந்தது.

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் சாண்ட்விச்சை விட எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

மொன்றியலை நடுவால் பிரிக்கும் தெரு சான்-லோரான். வீட்டு இலக்கங்கள் கிழக்கு மேற்கு என்று அங்கிருந்துதான் எண்ணப்படுகின்றன. கிழக்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள், மேற்கே ஆங்கிலம் பேசுகிறவர்கள், இரண்டுக்கும் நடுவில் அந்தத் தெருவில் வந்தேறிகள். அதை இங்கே எல்லோரும் “மெயின்” என்று சொல்வார்கள். யூதர்கள், போர்த்துக்கேயர், கிரேக்கர், இத்தாலியர் என்று அலை அலையாக வந்தவர்கள் அந்தத் தெருவை ஒட்டித்தான் குடியேறினார்கள். தெருவைச் சுற்றி உடுப்புத் தைக்கும் தொழிற்சாலைகள் நிறைய இருந்தன. தையல் வேலை செய்தவர்களுக்கு மத்தியானத்துக்கு வேகமாக, மலிவாக, வயிறு நிறைய ஏதாவது வேண்டும். இரண்டு துண்டு பாணுக்கு நடுவே சூடான இறைச்சி அப்படித்தான் வந்தது. லித்துவேனியாவிலிருந்து வந்த பென் கிராவிட்ஸ் குடும்பம் 1908-இல் தொடங்கிய பென்ஸ் கடையும் அப்படிப்பட்ட தொழிலாளர்களுக்கு விற்றே வளர்ந்தது. பிறகு அது நகர மையத்தில் பெரிய உணவகமாகி, 2006-இல் மூடப்பட்டது.

ருமேனியாவிலிருந்து வந்த ரூபன் ஷ்வார்ட்ஸ் 1928-இல் மெயின் தெருவில் திறந்த கடை இன்றும் இருக்கிறது. பாடகி செலின் டியோனின் கணவர் ரெனே ஆன்ஜெலில் உள்ளிட்ட ஒரு குழு 2012-இல் அதை வாங்கியது. கடையின் முகப்பில் பிரெஞ்சில் “மொன்றியல் எபிரேய இறைச்சிக் கடை” என்ற பொருளில் எழுதியிருக்கும். மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் 1977-ஆம் ஆண்டு மொழிச் சட்டத்துக்குப் பிறகு கடைப்பலகைகள் பிரெஞ்சுக்கு மாறிய நகரம் இது. ஆனாலும் பிரெஞ்சுக்காரர்கள்கூட இந்த இறைச்சியை ஸ்மோக்ட் மீட் என்றே சொல்கிறார்கள். இந்த ஊரில் அது எவ்வளவு ஊறிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

மொன்றியலில் இதை முதலில் விற்றவர் யார் என்று கடைக்குக் கடை ஒரு கதை உண்டு. நான் அந்த வழக்கில் தலையிடுவதில்லை.

எந்தக் கடைக்குப் போவது? ஷ்வார்ட்ஸுக்குத்தானே?

ஒருமுறை போங்கள், சந்தேகமில்லை. 55-ஆம் இலக்க பஸ் அந்தத் தெருவிலேயே ஓடுகிறது. வெள்ளை ஓடு பதித்த ஒடுங்கிய கடை. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு தனி அனுபவம். ஆனால் சனி, ஞாயிறு மத்தியானத்தில் வெளியே வரிசை நீளமாக நிற்கும். தை மாதக் குளிரில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அதில் நிற்காதீர்கள்.

என் விருப்பம் பகுதிக்குள் இருக்கும் டெலிகள்தாம். எங்கள் பக்கம் டெக்காரி வீதியில் ஸ்னோடன் டெலி 1946-இலிருந்து இருக்கிறது. மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். ஊட்ரமோன் பகுதியில் பெர்னார் தெருவில் லெஸ்டர்ஸ் 1951-இலிருந்து. இந்த மாதிரிக் கடைகளில் வரிசை குறைவு, உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். பக்கத்து மேசையில் எண்பது வயது தாண்டிய ஒருவர் சூப் குடித்துக்கொண்டிருப்பார். பரிமாறுகிறவருக்கு அவர் என்ன கேட்பார் என்று கேட்காமலே தெரியும். வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர்களை நம்பி நடக்கும் கடையில் இறைச்சி மோசமாக இருக்க முடியாது. மோசமானால் முதலில் கதிரை காலியாகும்.

உள்ளே போனதும் என்ன சொல்ல வேண்டும்? லீன், மீடியம் என்கிறார்களே?

“மீடியம்” என்று சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

நெஞ்சிறைச்சியின் ஒரு முனை தட்டையாக, கொழுப்புக் குறைந்து இருக்கும். மறுமுனை தடித்து, இடையிடையே கொழுப்போடியிருக்கும். வெட்டுகிறவர் எந்த முனையிலிருந்து எவ்வளவு எடுக்கிறார் என்பதைப் பொறுத்து லீன், மீடியம், மீடியம் ஃபேட், ஃபேட் என்று நான்கு வகை. லீன் என்றால் கொழுப்பு மிகக் குறைந்த பக்கம். ஃபேட் என்றால் வாயில் வைத்ததும் கரையும், ஆனால் அரைவாசிக்கு மேல் முடியாது.

எனக்கு முதல்முறை நடந்ததைச் சொல்கிறேன். கனடாவுக்கு வந்த புதிது. வேலை செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. கொழுப்பு உடம்புக்குக் கூடாது என்று “லீன்” கேட்டேன். வந்தது மெஷினில் மெல்லிதாகச் சீவிய, அடுக்கிலேயே காய்ந்துபோன இறைச்சி. உப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இதற்குத்தானா இவ்வளவு பேச்சு என்று நினைத்து, இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு கூட வேலை செய்த கிரேக்கர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், எனக்கும் சேர்த்து மீடியம் சொன்னார். அன்று முதல் வாய் வைத்தபோது மிளகு முதலில் வந்தது, அப்புறம் உள்ளி, அப்புறம் அந்தக் கொழுப்பு எல்லாவற்றையும் ஒன்றாக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கியது. அந்த இரண்டு வருடத்தை நினைத்து இன்றும் கவலைப்படுகிறேன்.

இன்னொன்று கவனியுங்கள்: கையால் வெட்டுகிறார்களா என்று. நன்றாக அவிந்த இறைச்சி மெஷினில் கொடுத்தால் சிதறிவிடும். கத்தியால், நாருக்குக் குறுக்கே, கொஞ்சம் தடிப்பாக வெட்ட வேண்டும். சாண்ட்விச் சொன்ன பிறகுதான் நீராவிப் பெட்டியிலிருந்து துண்டை எடுத்து வெட்டுவார்கள். கத்தி பிடித்தவரைக் கொஞ்சம் பாருங்கள், அது கைப்பழக்கம் வேண்டிய வேலை.

பாண் ஏன் இவ்வளவு சின்னதாக, மென்மையாக இருக்கிறது? இறைச்சி வெளியே விழுகிறதே?

அது றை என்ற தானியத்தின் மாப் பாண், லேசான புளிப்பு இருக்கும். பாணின் வேலை இறைச்சியைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான். கடைசிக் கடி வரும்போது கீழ்த் துண்டு நனைந்து பிய்ந்துவிடும். முள்ளுக்கரண்டியால் விழுந்ததைப் பொறுக்கிச் சாப்பிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பாணைச் சூடுகாட்டித் தரச் சொல்லாதீர்கள். முறுகிய பாண் மேலண்ணத்தைக் குத்தும், இறைச்சியின் மென்மையும் தெரியாமல் போகும்.

சீஸ் போட்டுத் தருவார்களா? மயோனைஸ்? கொச்சிக்காய் சோஸ்?

மஞ்சள் கடுகு. அவ்வளவுதான் வேண்டும். கொழுப்பை வெட்டுவதற்குப் புளிப்பும் காரமும் சேர்ந்த ஒன்று தேவை, கடுகு அந்த வேலையைச் சரியாகச் செய்கிறது. வெண்ணெயும் சீஸும் பழைய டெலி சாண்ட்விச்சில் இல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. யூத மார்க்க உணவு முறையில் இறைச்சியையும் பாலையும் கலப்பதில்லை. கடைகள் பல அந்த முறையை முழுவதும் பின்பற்றாவிட்டாலும் சாண்ட்விச் அந்த மரபிலேயே நிற்கிறது.

மைல்-எண்ட் பகுதியில் விலென்ஸ்கிஸ் என்று 1932-இலிருந்து நடக்கும் ஒரு சின்னக் கடை இருக்கிறது. அங்கே விற்பது ஸ்மோக்ட் மீட் அல்ல, மாட்டிறைச்சி சலாமியும் பொலோனியாவும் வைத்து அழுத்திச் சூடாக்கிய சாண்ட்விச். கடுகு வேண்டாம் என்றால் அங்கே கூடுதல் காசு கேட்பார்கள், இரண்டாக வெட்டியும் தரமாட்டார்கள். இந்த ஊர் கடுகுக்குக் கொடுக்கும் மரியாதை அப்படி.

நம் ஆட்களுக்குக் காரம் இல்லாமல் முடியாது, தெரியும். என் சித்தப்பா ஒருவர் கோட் பையில் மிளகாய்த்தூள் சரையோடு வருவார். அதற்குத் தேவையில்லை. வினாகிரியில் ஊறிய சிவப்பு மிளகாய் பல டெலிகளில் கிடைக்கும், தனியாகச் சொல்லி வாங்குங்கள். ஒரு கடி சாண்ட்விச், ஒரு கடி மிளகாய். சித்தப்பா இப்போது சரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

கூட என்ன எடுக்கலாம்?

பிக்கிள் கட்டாயம். அரைப் புளிப்பில் ஊறிய முழு வெள்ளரி, கடித்தால் நொறுக் என்று சத்தம் வரவேண்டும். முட்டைக்கோசு சாலட் மயோனைஸ் இல்லாமல் வினாகிரியில் பிரட்டியதாக இருந்தால் நல்லது. உருளைக்கிழங்குப் பொரியலை நான்கு பேருக்கு ஒன்று சொன்னால் போதும். குடிக்க கறுப்பு செரி சோடா. பார்க்க மருந்துத் தண்ணீர் மாதிரி இருக்கும், ஆனால் அந்த இனிப்பு உப்பை அடக்கும். கோப்பி கடைசியில் குடிக்கலாம், நடுவில் வேண்டாம்.

பிரெஞ்சு தெரியாது. சமாளிக்கலாமா?

தாராளமாக. டெலிகளில் இரண்டு மொழியும் ஓடும். உள்ளே போகும்போது “போன்ஜூர்”, வரும்போது “மெர்சி” சொன்னால் முகம் மலரும்.

இது கோஷரா? ஹலாலா?

யூதக் கடை என்றவுடன் கோஷர், அதாவது யூத மார்க்க விதிப்படி செய்தது, என்று நினைத்துவிடுகிறோம். ஷ்வார்ட்ஸ் உட்படப் பெயர் பெற்ற பல கடைகள் கோஷர் சான்றிதழ் இல்லாதவை. “கோஷர் பாணி” என்று சொல்வார்கள், அது சமையல் மரபைக் குறிக்கும், மார்க்க விதியை அல்ல. ஹலால் பார்க்கிற நண்பர்கள் கடையில் நேரடியாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பழைய டெலிகளில் பொதுவாக ஹலால் இருக்காது.

மாடு சாப்பிடாதவர்கள் கூட வரலாமா?

வரலாம், வர வேண்டும். என் அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டார். முதலில் கூப்பிட்டபோது வாசலுக்கு வரவே யோசித்தார். நான் வற்புறுத்தவில்லை. “நீங்கள் பிக்கிளும் பொரியலும் சாப்பிடுங்கள், எங்களோடு இருந்தால் போதும்” என்றேன். இப்போது அந்தக் கடையில் அம்மாவுக்கென்று உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த லாட்கே வரும். முட்டை சேர்ப்பார்கள், முட்டையும் சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கடித்த முதல் நாளே அம்மா, “இது கிழங்கு வடைதானே” என்றார். கோழி சாப்பிடுகிறவர்களுக்குப் புகைபோட்ட வான்கோழியும் சில கடைகளில் உண்டு, ஷ்வார்ட்ஸிலும் கிடைக்கும். சூப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை: மாட்ஸோ உருண்டை சூப் கோழி ரசத்தில் செய்வது, சைவக்காரருக்கு ஆகாது.

எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. மேசையில் யார் தட்டில் என்ன இருக்கிறது என்று மற்றவர் முகம் சுளிக்கக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் அது பொருந்தும். மாடு சாப்பிடாதவரை “ஒரு துண்டு, ஒன்றும் ஆகாது” என்று சீண்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

உடம்புக்கு?

அடிக்கடி சாப்பிடும் பொருள் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல், உப்பிட்டு, புகையிட்டுப் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டு வந்தால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்களின் கணக்கு. ஒரு சாண்ட்விச்சில் 50 கிராமைவிட நன்றாகவே கூட இருக்கும். ஆனால் அது தினமும் சாப்பிடுகிறவர்களின் கணக்கு என்பதையும் பாருங்கள். நான் மாதம் ஒருமுறைக்கு மேல் போவதில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை நினைத்து ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள்.

டிப் எவ்வளவு?

கியூபெக்கில் உணவக பில்லில் மத்திய அரசின் வரியும் மாகாண வரியும் சேர்ந்து ஏறக்குறைய 15 சதவீதம் வரும். வரியாக எவ்வளவு போட்டிருக்கிறதோ அதே தொகையை டிப்பாக வைத்தால் கணக்குச் சரி.

ரொறொன்ரோவில் இதே ருசி கிடைக்குமா?

கிடைக்கும், அதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். ஷ்வார்ட்ஸ் கடையில் பல வருடம் வேலை செய்த இலங்கையர் சுமித் பெர்னாண்டோ, ஸ்காபரோவில் 2018-இல் சுமிலிஷஸ் என்று சொந்த டெலி திறந்தார். மிஷலின் உணவகக் கையேட்டில், நியாயமான விலையில் நல்ல சாப்பாடு தரும் கடைகளுக்கான பிப் கூர்மோன் பட்டியலிலும் அது இடம்பிடித்தது. மொன்றியல் உணவகங்களின் பின்கட்டில் நம் நாட்டவர்கள் எவ்வளவு பேர் பாத்திரம் கழுவி, மரக்கறி வெட்டி, பிறகு அடுப்புக்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ருமேனிய யூதர்கள் கொண்டுவந்த கைவேலையை இலங்கையில் பிறந்த ஒருவர் கற்று, தமிழர்கள் நிறைந்த ஸ்காபரோவில் விற்கிறார். அங்கே இருக்கிறவர்கள் ஆறு மணி நேரம் கார் ஓட்டி வரத் தேவையில்லை. ஆனாலும் வாருங்கள்.

வீட்டில் செய்யலாமா?

பொறுமையும் பிரிஜ்ஜில் இடமும் இருந்தால் செய்யலாம். ஒன்றில் மட்டும் கண்பார்வைக் கணக்கு வேண்டாம்: நைட்ரைட் கலந்த உப்பு. அதிகமானால் நஞ்சு. இறைச்சியின் எடைக்குத் தகுந்த அளவைத் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். சாதாரண உப்பு என்று நினைத்துக் கறிக்குப் போட்டுவிடாதபடி தனியாக, பெயர் எழுதி வையுங்கள்.

மிஞ்சியதையும் வாங்கிப் போனதையும் எப்படிச் சூடாக்குவது?

முதலில், கடையில் வாங்கும்போதே இறைச்சியையும் பாணையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். சாண்ட்விச்சாகக் கொண்டுபோனால் வீடு சேருவதற்குள் பாண் களியாகிவிடும். மைக்ரோவேவில் வைக்காதீர்கள், கொழுப்பெல்லாம் ஓடி இறைச்சி தோலாகும். நம் வீட்டில் இதற்கென்றே செய்தது போல ஒரு சாமான் இருக்கிறது: புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி. பானையில் தண்ணீர் கொதித்ததும், இறைச்சித் துண்டுகளை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு உள்ளே வைத்து, மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். கிண்ணம் இல்லாமல் நேரடியாகப் போட்டால் ஓலையில் மாட்டுக் கொழுப்பு ஊறிவிடும், அடுத்த நாள் புட்டுக்கு அம்மா அந்தப் பெட்டியைத் தொடமாட்டார். எங்கள் வீட்டில் இப்போது அதற்கென்று தனியாக ஒரு அலுமினிய இடியப்பத் தட்டு வைத்திருக்கிறோம்.